இரைகின்ற பெட்டியும் நுரைப்பஞ்சும்

கணினிப் பெட்டியின் உட்புறத்தில் ஒலியடக்கும் நுரைப்பஞ்சை ஒட்டினால் அதன் இரைச்சல் அடங்குமா என்று சென்ற கிழமை அன்பர் ஒருவர் எம்மை வினவினார். இப்பகுதியில் நாம் எத்தனையோ வினாக்களுக்கு நூல்களைப் புரட்டி விடை கூறியிருக்கிறோம். இவ்வினாவுக்கு அத்தேவை இருக்கவில்லை. அந்தப் பஞ்சை நாமே பணங்கொடுத்து வாங்கி, நாமே கத்தரித்து ஒட்டி, இரு கிழமை கழிந்தபின் நாமே நகத்தாற் சுரண்டி உரித்தும் எடுத்திருக்கிறோம். பௌதிகவியலிற் பட்டம் பெற்று, உயர்தர வகுப்புக்கு ஒலி என்னும் பாடத்தை ஆண்டுதோறும் கற்பித்துவரும் நாம் இவ்வாறு செய்தோம் என்பது வெளியிற் சொல்லத்தக்க பெருமையன்று. ஆயினும் வினவிய அன்பரின் பணப்பையைக் கருதிச் சொல்லிவிடுகின்றோம்.

2020 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டமை நேயர்களுக்கு நினைவிருக்கும். மாணவர்க்கு வீட்டிலிருந்தே பாடஞ் சொல்ல வேண்டிய நிலை வந்தது. அதற்கென, ஒருவர் பாவித்துக் கழித்த கணினி ஒன்றை வாங்கினோம். வேலையில் அது குறைவைக்கவில்லை, ஆனால் இரைந்தது. முதற் கிழமையிலேயே மாணவன் ஒருவன், “சேர், உங்கட வீட்டுக்குப் பக்கத்தில நெல்லுக் குத்துற மில் ஓடுதோ?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். நகைப்பு அடங்கியபின் ஒன்று உறைத்தது. அம்மாணவன் தந்தையாரின் கைத்தொலைபேசியில், நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய டேற்றாவைக் கொண்டு எமது பாடத்தைக் கேட்பவன். எமது விசிறியின் இரைச்சலை அவன் வீடுவரை சுமந்து செல்லவும் அந்த டேற்றாவே செலவாகிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. அடுத்த அறையில் எமது தாயார் உறங்குவார். அவருக்கு வயது 78. உறங்குவார் என்பது வழக்கம் பற்றிச் சொல்வதேயாகும். எமது வீடு பழைய வீடு. இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது பாதியிலே நின்றுவிட்டது. பகலில் எமது வகுப்பு, இரவில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் படிப்பு என்று பெட்டி ஓயாது இரைந்தது. 2022 ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதன்றோ? அந்நாட்களில் ஒரு மாலை மின் நின்றதும் வீட்டில் சட்டென்று ஓர் அமைதி இறங்கியது. “அப்பாடா” என்று அடுத்த அறையிலிருந்து ஒரு பெருமூச்சுக் கேட்டது. நாடே மின்வெட்டைச் சபித்த காலத்தில் அதற்கு நன்றி பாராட்டியவர் எமது தாயார் ஒருவராகவே இருத்தல் கூடும்.

அதன் பின்னரே பஞ்சைத் தேடிப் புறப்பட்டோம். கடையிற் கிடைத்தது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கரிய நுரைப்பஞ்சு. ஒருபுறத்திற் பசை பூசப்பட்டிருந்தது. விலை எமது அரைக்கிழமைச் சந்தைச் செலவுக்குச் சமம். கேசிங் என்று கடைக்காரர் வழங்கும் அந்தத் தகரப் பெட்டியின் இருபக்கத் தகடுகளிலும், அடியிலும், மேல்மூடியிலும் அளந்து ஒட்டினோம். மேல்மூடியிற் காற்றுப்போகச் சில துளைகள் இருந்தன. ஒலி வெளியேறும் வழியென்று அவற்றையும் அடைத்தோம். மகள் தகட்டை விரலாற் தட்டிப் பார்த்தாள். முன்னர் ‘டண்’ என்றது இப்பொழுது ‘தொப்’ என்றது. “அப்பா, வித்தியாசம் இருக்குத்தான்” என்றாள். எமக்கும் அவ்வாறே தோன்றிற்று. பணம் செலவழித்தவனின் காதுக்கு முதற் பத்து நிமிடமும் எல்லாம் இனிமையாகவே கேட்கும்.

அரைமணி நேரம் சென்றது. பெட்டிக்குள் வெப்பம் ஏறத் தொடங்கிற்று. இக்காலத்துக் கணினிகளில் விசிறியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்துத் தானாகவே கூடிக் குறையும். மேல்மூடியின் துளைகளை அடைத்துவிட்டோமாதலால் சூடான காற்றுக்குப் போக்கிடமில்லை. விசிறி தன் கடமையை உணர்ந்து முழுவேகத்திற் சுழன்றது. தாயார் கதவோரம் வந்து நின்று, “தம்பி, உந்தப் பெட்டி இப்ப முந்தியிலும் கூடக் கத்துது” என்றார். அளவுகருவி எதுவுமின்றி அவர் கூறிய அந்த முடிபு முற்றிலுஞ் சரியானது.

எங்கே பிழைத்தோம் என்பதைப் பின்னர் ஆறுதலாக ஆராய்ந்தோம். கோயிற் காண்டாமணி ஒலிக்கும்போது அதன் விளிம்பைக் கையாற் பற்றினால் நாதம் அக்கணமே அற்றுப்போகும். ஊதப்படுகின்ற சங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றினாலோ நாதம் சிறிதும் குறைவதில்லை. மணியில் ஒலிப்பது உலோகம். சங்கில் ஒலிப்பது உள்ளிருக்கும் காற்று. கணினிப் பெட்டிக்குள் ஒரு மணியும் இருக்கிறது, ஒரு சங்கும் இருக்கிறது. வன்தட்டு சுழலும்போது அதன் அதிர்வு திருகாணிகள் வழியே தகட்டிற் பாய்ந்து தகட்டையே ஒலிக்கச் செய்கின்றது, இது மணி. விசிறியின் அலகுகள் காற்றை வெட்டுவதால் எழும் இரைச்சல் காற்றிலேயே பிறந்து காற்றிலேயே வருகின்றது, இது சங்கு. எமது பெட்டியிற் பெரிதும் இரைந்தது சங்கு. நாம் செய்ததோ மணிக்குரிய சிகிச்சை. அதையும் அரைகுறையாகவே செய்தோம்.

ஒலியடக்கும் பொருள் என்று ஒரே பெயரில் விற்கப்படுவன உண்மையில் மூன்று வெவ்வேறு தொழில்களைச் செய்ய வேண்டியவை. ஒலியை உறிஞ்சுதல் ஒன்று, ஒலி ஊடுசெல்லாது தடுத்தல் ஒன்று, தகட்டின் அதிர்வைத் தணித்தல் மற்றொன்று. ஒன்றைச் செய்வது மற்றையதைச் செய்யும் என்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை. நுரைப்பஞ்சு உறிஞ்சும், ஆனால் தடுக்காது. ஒலி உறிஞ்சப்படுவதை அளந்து காட்டிய வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1895 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விரிவுரை மண்டபம் ஒன்றிற் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் அதன் எதிரொலி ஏறத்தாழ 5½ செக்கன் வரை மண்டபத்திற் தங்கி நின்றது. இதனைத் திருத்தித் தருமாறு வலஸ் சபைன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவர் இரவு வேளைகளில், ஊர் அடங்கியபின், அயலிலிருந்த அரங்கின் ஆசன மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்திற் பரப்பி, ஓர் ஓகன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி மறையும் நேரத்தைத் தம் காதாலேயே கேட்டு அளந்தார். விடியுமுன் மெத்தைகள் மீண்டும் அரங்குக்குச் சென்றுவிட வேண்டும். மெத்தை கூடக்கூட ஒலி தங்கும் நேரம் குறைந்தது. அன்று அவர் கண்ட விதியைக் கொண்டே 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் நகர இசை மண்டபம் அமைக்கப்பட்டது.

சபைனின் மெத்தைகள் மண்டபத்தின் உள்ளே எதிரொலியைக் குறைத்தன. மண்டபத்தின் வாயிலில் நிற்பவருக்கு உள்ளிருந்து நேரே வரும் குரலை அவை மறைக்கவில்லை. எமது பெட்டிக்குள்ளும் பஞ்சு அதையே செய்தது. தகட்டிற் பட்டுப்பட்டு உள்ளே சுற்றித்திரியும் ஒலியில் ஒரு பகுதியை விழுங்கிற்று. அதுவும் எவ்வகை ஒலியை? ஓர் ஒலியை நன்கு உறிஞ்சுவதற்குப் பஞ்சின் தடிப்பு அவ்வொலியின் அலைநீளத்தின் காற்பங்கை அண்மித்திருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும் வன்தட்டு செக்கனுக்கு 120 தரம் சுழல்கின்றது. அதன் முனகலின் மீடிறனும் அதுவே. எமது நாட்டு வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும் எனக் கொண்டால் அம்முனகலின் அலைநீளம் 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. காற்பங்கு என்றால் முக்கால் மீற்றர்! பெட்டியே அவ்வளவு அகலம் இல்லை. ஒரு சென்ரிமீற்றர்ப் பஞ்சினால் அந்த முனகலுக்கு ஆவது ஒன்றுமில்லை. செக்கனுக்குச் சில ஆயிரம் தரம் அதிரும் கீச்சொலியையும் சீறலையுமே அது ஓரளவு குறைக்கும். தாயாரின் உறக்கத்தைக் கெடுப்பது அந்த முனகல். அரைச்சுவருக்கு மேலாக வந்து கட்டில் வரை நடமாடுவதும் அதுவே.

தடுத்தலைப் பற்றிச் சொல்வதானால், ஒலியைத் தடுப்பது பாரம். ஒரு தடுப்பின் பாரத்தை இருமடங்காக்கினால் ஊடுசெல்லும் ஒலி ஏறத்தாழ 6 தெசிபெல் குறையும். 0.8 மில்லிமீற்றர் உருக்குத் தகடு சதுர மீற்றருக்கு 6 கிலோகிராமுக்குச் சற்று மேல் நிறுக்கும். நாம் ஒட்டிய பஞ்சு அதே பரப்புக்குச் சில நூறு கிராம் மாத்திரம். கணக்கை மேலுந் தொடர வேண்டியதில்லை.

அப்படியே தகட்டைக் கோட்டைச் சுவர்போலப் பாரமாக்கினாலும் துளைகளை என்செய்வது? பெட்டியின் பரப்பிற் பத்திலொரு பங்கு திறந்திருக்குமாயின், எஞ்சிய ஒன்பது பங்கும் கருங்கல்லாயினும் 10 தெசிபெலுக்கு மேற் குறைக்க முடியாது. நூறிலொரு பங்கு திறந்திருந்தால் எல்லை 20 தெசிபெல். கணினியோ மூச்சுவிட வேண்டிய பொருள். முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. பின்புற விசிறியோ அந்த வாயிலிலேயே வெளியே பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கின்றது. அதற்கும் எமது காதுக்கும் இடையிற் பஞ்சு வைப்பதற்கு இடமே இல்லை. பஞ்சை ஒட்டும்போது இவ்வளவு தெளிவான விடயம் எமது கண்ணுக்குப் புலப்படாதது வியப்பே.

காற்றை மறுத்து அமைதியை வாங்க முயன்றவர்கள் எம்மிலும் பெரியோரும் உளர். 1980 இல் அப்பிள் நிறுவனம் ‘அப்பிள் மூன்று’ என்னும் கணினியை வெளியிட்டது. அலுவலகத்தில் இரைதல் ஆகாது என்று ஸ்ரீவ் ஜொப்ஸ் அதில் விசிறி வைக்க இசையவில்லை. உள்ளே சூடேறிச் சில்லுகள் தம் இருப்பிடத்தினின்றும் தளர்ந்து எழுந்தன. அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரம், இயந்திரத்தைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் விழவிடுவது. நாம் மேல்மூடித் துளைகளை அடைத்தது அந்த வரிசையிற் சேரத்தக்க செயலே. மேலும், ஒலியடக்கும் பஞ்சைப் பற்றிய புகழுரைகளிற் பல 20 பாகை செல்சியஸ் உள்ள மேனாட்டு அறைகளில் இருந்து எழுதப்படுகின்றன. எமது அறை நள்ளிரவிலும் 30 பாகைக்கு அண்மையில் நிற்கும். அங்கே மெல்லச் சுழலும் விசிறி இங்கே ஓட வேண்டியிருக்கின்றது.

பஞ்சை உரித்த அன்று நாம் செய்த முதற் காரியம் தூசு தட்டியதாகும். செயலியின் மேலுள்ள உலோகச் செதில்களுக்கிடையே தூசு கம்பளம்போற் படிந்து கிடந்தது. பழைய வர்ணத் தூரிகையால் அதனைக் கிளறி அகற்ற ஒரு மணி நேரம் பிடித்தது, செலவு இல்லை. மறுபடி இயக்கியபோது விசிறி முன்னைய வேகத்துக்கு எழவேயில்லை. நாற்பத்தைந்து வயதுவரை நாம் கற்ற பௌதிகவியலைக் காட்டிலும் அந்தத் தூரிகை எமக்கு அதிகம் உதவிற்று என்றால் மிகையன்று.

அடுத்து, இரைவது எது என்று கண்டறிந்தோம். மின்னை நிறுத்தி, பின்புற விசிறியின் இணைப்பை மட்டுங் கழற்றி, ஒரு நிமிடம் இயக்கிக் கேட்டோம். (செயலியின் விசிறியை இவ்வாறு கழற்றலாகாது.) இரைச்சலிற் பெரும்பகுதி காணாமற்போயிற்று. 80 மில்லிமீற்றர் அளவான அந்த விசிறியின் அச்சும் தேய்ந்து ஆடியது. அதனை அகற்றி, பெட்டியில் ஏற்கெனவே இடமிருந்த 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றைப் பூட்டினோம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 15 தெசிபெல் குறையும், காற்றுப் பாதியாகும். 10 தெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதி ஒலிபோல இருக்கும். விசிறியைப் பெரிதாக்கினால் வேகம் குறைந்தும் காற்றுக் குறைவதில்லை. நாம் பஞ்சுக்குக் கொடுத்த பணத்தில் அத்தகைய விசிறிகள் இரண்டு வாங்கியிருக்கலாம்.

இவ்வளவில் சங்கு அடங்கிற்று. அது அடங்கியபின்தான் மணி கேட்டது. இது காதின் இயல்பு. ஓர் ஒலி மற்றையதிலும் 10 தெசிபெல் மேலோங்கி நிற்கும்போது சிறிய ஒலி மொத்தத்தில் அரைத் தெசிபெல்கூடச் சேர்ப்பதில்லை. பெரியது போனபின்னரே சிறியது தன் முகத்தைக் காட்டும். பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தோம். முனகல் குறைந்தது. கையை எடுத்தோம், மீண்டும் எழுந்தது. வன்தட்டின் திருகாணிகளைக் கழற்றித் தட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் மெல்லிய இறப்பர் வளையங்களை வைத்துப் பூட்டினோம். முனகல் பெரும்பாலும் ஒழிந்தது. ஓராண்டுக்குப் பின் வன்தட்டையே நீக்கிவிட்டு, சுழலும் உறுப்பு எதுவுமில்லாத திண்ம நினைவகத்தைப் பொருத்தியபோது அதுவும் இல்லாமற்போயிற்று.

இவற்றாற் பஞ்சு வகை யாவும் வீண் என்று கூறினோமென நேயர்கள் எண்ணலாகாது. விசிறிகள் மெதுவாகச் சுழன்று, வன்தட்டு இறப்பரில் அமர்ந்து, அதன் பின்னும் தகடு அதிர்கின்றதாயின், தார் கலந்த பாரமான தணிப்புத் தாளைத் தகட்டின் நடுவில் ஒட்டுவது நல்ல பயன் தரும். மோட்டார் வாகனக் கதவுகளின் உள்ளே ஒட்டப்படுவது இவ்வகைத் தாளே. தகடு மிக அதிர்வது நடுவில் ஆதலால் முழுவதையும் மூட வேண்டியதுமில்லை. கோயில் மணியைப் பற்றிய கை செய்யும் வேலையை அது செய்கின்றது. 2005 இல் வெளிவந்த ‘அன்ரெக் பி 180’ என்னும் பெட்டியின் பக்கத் தகடுகள் உலோகம், பிளாஸ்ரிக், உலோகம் என மூவடுக்காகச் செய்யப்பட்டதும் இந்நோக்கம் பற்றியே. நுரைப்பஞ்சும் கீச்சொலி மிகுந்த பெட்டிகளிற் சிறிது உதவும். ஆனால் அது கடைசியிற் செய்ய வேண்டியது. நாம் அதை முதலிற் செய்தோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய மெத்தையின் பஞ்சை வெட்டி ஒட்டுவோர் இருக்கின்றனர். அது எளிதிற் தீப்பற்றும் பொருள். மின்சாரமும் சூடும் உள்ள பெட்டிக்குள் அதற்கு இடங்கொடுத்தல் ஆபத்து. தீத்தடுப்புச் சோதனையான யூ.எல். 94 இற் தேறியது என்ற குறிப்பு உள்ளதையே வாங்குதல் வேண்டும். அத்தகையதும் எமது நாட்டு ஈரப்பதனிற் சில ஆண்டுகளிற் பிசுபிசுத்து மாவாய் உதிரக்கூடும். உதிரும் மாவைக் காற்றுச் செதில்களுக்குள் உறிஞ்சுவதும் அதே விசிறிதான்.

நெல்லு மில் என்ற மாணவன் பரீட்சையிற் தேறிப் பொறியியல் படிக்கச் சென்றுவிட்டான். தாயார் இப்பொழுது சுவர்க்கடிகாரத்தின் ஒலி தம்மை வருத்துவதாகக் கூறுகின்றார்.

வினவிய அன்பருக்கு இவ்வளவையும் எடுத்துக் கூறினோம். முதலிலே தூசு தட்டுங்கள், பிறகு உள்ளங்கையைத் தகட்டில் வைத்துப் பாருங்கள், முனகல் குறைந்தால் மட்டும் தாள் வாங்குங்கள் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தாம் அந்தப் பஞ்சை முந்தின நாளே வாங்கிவிட்டதாகவும், கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம் என்றும் மெல்லச் சொன்னார். உறையைப் பிரிக்க வேண்டாம் என்றோம். தூரிகை எமது வீட்டில் இருக்கிறது; ஞாயிறு பின்னேரம் பெட்டியுடன் வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.